வேலிக்கு அப்பாலும் உரிமையுண்டு

காணி என்பது நான்கு எல்லைகளுக்குள் அடங்கிய மண் மட்டுமன்று. அம்மண்ணைச் சென்றடையும் வழியும், அம்மண்ணுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலும், அம்மண்ணில் விழும் மாரி வெள்ளம் வடிந்தோடும் போக்கும் சேர்ந்ததே காணி. வழியில்லாத காணிக்குச் சொந்தக்காரனாய் இருப்பவன், பூட்டிய பெட்டகத்துக்குச் சொந்தக்காரனாய்த் திறப்பில்லாது நிற்பவனை ஒத்தவனாவான். இவ்வுண்மையை எமது முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஆகையினாலன்றோ காணி உறுதிகளின் கடைசி வரியில், “கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் உட்பட” என்று எழுதுவித்தனர்!

அந்தக் கடைசி வரியே இன்று எமது மக்களை நீதிமன்றப் படிகளில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது. உடன்பிறந்தாரை எதிரெதிர்க் கட்சிக்காரராக்குகிறது, அயலவரைப் பகைவராக்குகிறது. ஒரு பொட்டு அடைபட்டதற்காகத் தொடங்கிய வழக்கு, அந்தக் காணியின் பெறுமதியையும் விழுங்கிவிட்டு நிற்கும் காட்சி எமது கிராமங்களுக்குப் புதியதன்று. இதுபற்றிச் சிறிது விரிவாக எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கற் படுகையில் தேங்கும் மழைநீரைக் கிணறுகளால் எடுத்தே எமது கமக்காரர் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தனர். ஓர் ஏக்கருக்கு 16 பரப்பு என்பது எமது கணக்கு. தலைமுறை தோறும் முதுசமும் சீதனமுமாகப் பிரிந்து பிரிந்து, இரண்டு பரப்பும் மூன்று பரப்புமாகக் காணிகள் சிறுத்துவிட்டன. ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு கிணறு வெட்டுதல் இயலாது. ஒவ்வொரு துண்டும் வீதியைத் தொட்டுக்கொண்டிருத்தலும் இயலாது. ஆதலால் ஒருவன் கிணற்றில் மற்றவன் இறைப்பதும், ஒருவன் வரம்பினால் மற்றவன் நடப்பதும் எம்மிடையே சலுகையன்று. கமம் நடப்பதற்கான அடிப்படை நிபந்தனையாகும்.

சட்டம் கூறுவது யாது?

இங்கிலாந்துச் சட்டம் ‘ஈஸ்மென்ற்’ என்று அழைப்பதை, இந்நாட்டில் வழங்கும் உரோம-ஒல்லாந்தச் சட்டம் ‘சேர்விற்றியூட்’ என்று அழைக்கிறது. எமது மக்கள் அதனை வழிவாய்க்கால் உரித்து என்றனர். தேசவழமை 1707 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தரால் எழுத்துருவாக்கப்பட்டு, 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தினால் ஆங்கிலேயராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனினும், தேசவழமை பேசாத இடத்தில் உரோம-ஒல்லாந்தச் சட்டமே பேசும். வழிவாய்க்கால் உரித்தின் இலக்கணத்தை எமது நீதிமன்றங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே எடுத்து ஆளுகின்றன.

அந்த இலக்கணம் சிக்கலானதன்று. இவ்வுரித்துக்கு இரண்டு காணிகள் வேண்டும். ஒன்று பயன்பெறும் காணி. மற்றையது சுமைதாங்கும் காணி. உரித்து மனிதனைச் சார்ந்ததன்று, காணியைச் சார்ந்தது. பயன்பெறும் காணியை யார் வாங்கினாலும் உரித்து அவரோடு செல்லும். சுமைதாங்கும் காணியை யார் வாங்கினாலும் சுமையும் அவரோடு செல்லும். காணியை விட்டு உரித்தை மாத்திரம் பிரித்து வேறொருவருக்கு விற்க முடியாது. தன் காணியின்மீது தனக்கே ஒருவன் இவ்வுரித்தைக் கொண்டிருக்கவும் முடியாது. இரு காணிகளும் ஒரே கைக்கு வந்தால் உரித்து அவிந்துவிடும்.

சுமைதாங்கும் காணியின் சொந்தக்காரர் பொறுத்துக்கொள்ளக் கடமைப்பட்டவரேயன்றிப் பணிசெய்யக் கடமைப்பட்டவரல்லர். பாதையைச் செப்பனிடுவதும் வாய்க்காலைத் துப்புரவாக்குவதும் பயன்பெறுவோரின் வேலை. அவ்வேலைக்காக அக்காணியினுள் நியாயமான அளவு செல்லும் உரிமையும் அவருக்குண்டு. கிணற்றில் நீர் அள்ளும் உரித்துடையவருக்கு அக்கிணற்றடிக்குப் போய்வரும் உரித்தும் கூடவே உண்டு. நீரைக் கொடுத்துவிட்டு வழியை மறுத்தல் சட்டத்துக்கும் ஒவ்வாது, அறத்துக்கும் ஒவ்வாது.

பயன்பெறுவோருக்கும் எல்லையுண்டு. கால்நடையாய்ச் செல்லும் உரித்து, மாடு சாய்த்துச் செல்லும் உரித்து, வண்டி வாகனம் செல்லும் உரித்து என்று சட்டம் படிப்படியாக வேறுபடுத்துகிறது. நடைபாதை உரித்தைக் கொண்டு லொறி ஓட்ட முடியாது. துலாவினால் இறைத்த காலத்து உரித்தைச் சொல்லிக்கொண்டு, பெரும் பம்பியைப் பூட்டி மற்றைய பங்காளரின் முறைக்குத் தண்ணீர் இல்லாமற் செய்வது நியாயமாகாது. சுமையைக் கூட்டாது, சேதத்தைக் குறைத்து, பண்போடு உரித்தை அனுபவிக்க வேண்டும் என்பதே சட்டத்தின் கட்டளை. அவ்வாறே, காணிக்காரரும் பாதையிற் படலை போடலாம். ஆனால் அதைப் பூட்டிவிட்டுத் திறப்பை மடியிற் செருகிக்கொள்ளலாகாது.

உரித்து எவ்வாறு பிறக்கிறது?

முதலாவது, உறுதியினாற் பிறக்கிறது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியைப் பாதிக்கும் உரித்தை ஏற்படுத்தும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். நொத்தாரிசு முன்னும் இரு சாட்சிகள் முன்னும் ஒப்பமிடப்படவேண்டும். கோவிற் திருவிழாவில் கொடுத்த வாக்கும், கலியாண வீட்டிற் பேசிய பேச்சும் நீதிமன்றத்தில் உறுதியாகா. உறுதி முடித்தாலும் போதாது, பதிவும் வேண்டும். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பதியப்படாத உறுதி, பின்னர் பணங்கொடுத்து வாங்கி முதலிற் பதிந்தவரின் உறுதிக்கு முன் தோற்றுப்போகலாம். எனவே, சுமைதாங்கும் காணியின் பதிவேட்டிலும் அவ்வுரித்து ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளல் அவசியம்.

இரண்டாவது, நீண்டகால ஆட்சியினாற் பிறக்கிறது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், அசையா ஆதனம் என்னும் சொல்லினுள் இத்தகைய உரித்துக்களையும் அடக்கியுள்ளது. 10 வருடங்கள் தடையின்றி, இடையறாது, காணிக்காரரின் தயவை நாடாது, தன் உரித்தாகவே ஒருவர் பாதையைப் பயன்படுத்தியிருந்தால் அவ்வுரித்தை நீதிமன்றம் பிரகடனம் செய்யும். ஆனால் பாதை எது என்று காட்டவேண்டும். இன்று இந்த மூலையாலும் நாளை அந்த மூலையாலும் போனேன் என்பவருக்கு உரித்துக் கிடையாது. எங்கே தொடங்கி, எவ்வழியாகச் சென்று, எங்கே முடிந்தது, அகலம் யாது என்பதை நிலஅளவைப் படத்திற் காட்டி, நம்பத்தக்க சாட்சியத்தால் நிறுவவேண்டும். இந்த 10 வருட ஆட்சி அரச காணியைக் கட்டுப்படுத்தாது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

மூன்றாவது, தேவையினாற் பிறக்கிறது. வீதியைத் தொடாது நாற்புறமும் பிறர் காணியால் அடைபட்ட நிலத்துக்கு, அவசியப் பாதையை நீதிமன்றம் வழங்கும். அப்பாதை அண்மையானதாகவும், மிகக் குறைந்த சேதம் விளைப்பதாகவும் இருக்கவேண்டும்; பொதுவாக அதற்கு நட்டஈடும் கொடுக்கவேண்டும். ஒரே காணியைத் துண்டாடியதனால் உட்துண்டு அடைபட்டிருப்பின், முதலில் அக்காணியின் மற்றைய துண்டுகளினூடாகவே வழி தேடப்படும். ஆனால் அவசியம் வேறு, வசதி வேறு. சுற்றிச் செல்லும் வழி ஒன்று இருக்கையில், குறுக்கு வழி வேண்டும் என்று கேட்பவருக்குச் சட்டம் செவிசாய்க்காது.

கடைசி வரியின் கதை

இவற்றையெல்லாம் ஓர் உதாரணத்திற் பொருத்திப் பார்ப்போம். வீதியோரமாக 16 பரப்புக் காணியுடைய ஒரு தந்தையார் அதை நான்காகப் பிரித்து நான்கு பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார். முன்துண்டு மூத்த மகனுக்கு. பின்துண்டு இளைய மகளுக்குச் சீதனம். நான்கு உறுதிகளிலும் “வழிவாய்க்கால் உரித்து உட்பட” என்ற ஒரே வரி. எவ்வழி, எவ்வளவு அகலம், எந்த எல்லையோரம் என்ற பேச்சே இல்லை. தந்தையார் இருக்கும்வரை கேள்வியும் இல்லை; வேலியில் ஒரு பொட்டு இருந்தது, எல்லோரும் போய்வந்தனர். பின்னர் மூத்தவரின் குடும்பம் கடல் கடந்தது. அற்றோணித் தத்துவத்தின் மூலம் முன்துண்டு விற்கப்பட்டது. வாங்கியவர் கிடுகு வேலியைப் பிடுங்கிவிட்டுச் சீமெந்து மதில் எழுப்பினார். பொட்டு மறைந்தது. பின்துண்டுக்காரி தன் வீட்டிலேயே சிறைப்பட்டாள்.

வாங்கியவர் கொடியவரா? அல்லர். அவர் பார்த்த உறுதியிற் பாதை இல்லை. அவர் கொடுத்த பணத்திற் பாதைக்குக் கழிவும் இல்லை. பின்துண்டுக்காரி வீண்வம்புக்காரியா? அவளும் அல்லள். தவறு அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. “மேற்கே வீதியிலிருந்து தெற்கெல்லையோரமாக 10 அடி அகலமான பாதை” என்று ஒரு வரியை எழுதி, படத்திலும் கீறியிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டிய வழக்குப் பிறந்தேயிராது. சோம்பலால் எழுதாது விட்ட ஒரு வரிக்குப் பேரப்பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள்.

பங்கு பிரிக்கும் வழக்கில் அபாயம் இன்னும் பெரிது. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின் 48 ஆம் பிரிவின்படி, தீர்ப்பிற் குறிப்பிடப்படாத சுமைகள் எல்லாவற்றிலிருந்தும் விடுபட்டதாகவே காணி பங்காளரைச் சேரும். அச்சுமைகளுள் வழிவாய்க்கால் உரித்தும் ஒன்று. பக்கத்துக் காணியிற் பங்கு வழக்கு நடக்கையில், “அது அவர்கள் குடும்ப விவகாரம்” என்று திண்ணையில் இருப்பவர், தமது பாட்டன் காலத்துப் பாதையை ஒரு தீர்ப்பினால் இழக்கக்கூடும். நிலஅளவையாளர் சங்கிலியோடு வரும்போதே அவர்முன் சென்று தமது பாதையைக் காட்டிப் படத்திற் குறிக்கச் செய்யவேண்டும்; வழக்கிலும் தோன்றிக் கோரவேண்டும்.

தயவில் வாழ்ந்தோர்

இச்சட்டத்தில் எமது சமுதாயத்தின் மனச்சாட்சியைத் தைக்க வேண்டிய ஓரிடம் உண்டு. காணிக்காரரின் அனுமதியோடு நடந்தவருக்கு ஆட்சியுரிமை பிறப்பதில்லை. 10 வருடமன்று, 50 வருடம் நடந்தாலும் தயவு தயவே. அது உரித்தாக மாறாது. தனித்த ஒரு வழக்கில் இவ்விதி நியாயமானதே. அயலானுக்கு இரக்கம் காட்டியவர் அவ்விரக்கத்தினாலேயே காணியை இழக்கலாகாது.

ஆயினும், எமது ஊர்களில் யார் தயவில் நடந்தனர் என்று கேட்டுப்பாருங்கள். பிறர் காணியிற் குடியிருந்து, பிறர் வரம்பினால் நடந்து, பிறர் கிணற்றடியில் யாரேனும் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்துநின்ற மக்கள் அவர்களே. சாதியின் பெயராற் குறைபாடு விதிப்பதை 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. ஆனால் தனியார் கிணற்றுக்கும் தனியார் ஒழுங்கைக்கும் அம்மக்களிடம் உறுதி ஏது? மூன்று தலைமுறை நடந்த பாதை, நீதிமன்றத்தில் ‘அனுமதி’ என்ற ஒரு சொல்லால் அழிந்துபோகிறது. பெருங்காணிக்காரர் வெளிநாட்டிலிருந்து காணியை விற்கும்போது, விலைப்பட்டியலில் இம்மக்களின் பாதை ஏறுவதில்லை.

இதற்கு மருந்து சட்டத்தில் மட்டும் இல்லை. எமது கையிலும் உண்டு. காணிக்காரர் விற்பதற்கு முன், அங்கு குடியிருப்போரின் பாதைக்கும் கிணற்றுக்கும் ஓர் உறுதி முடித்துக் கொடுக்கலாம். ஒழுங்கைக்கான துண்டைப் பிரதேச சபைக்குப் பொதுவழியாக எழுதிக் கொடுக்கலாம். சபையின் பொறுப்பிலுள்ள பொதுவழியை எவரும் மதில் கட்டி மறிக்க முடியாது. எமது இனத்துக்கு நிலம் வேண்டும், நீதி வேண்டும் என்று மேடையில் முழங்குவோர், முதலில் தமது வளவின் பின்வேலியைச் சென்று பார்த்து வரட்டும்!

போர் அழித்த ஒழுங்கைகள்

1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் பெயர்க்கப்பட்டனர். பல்லாண்டுகளின் பின் படிப்படியாகச் சில பகுதிகள் விடுவிக்கப்பட்டபோது, திரும்பியோர் தமது காணியை அடையாளங் காணவே தவித்தனர். வேலி இல்லை, எல்லைக் கல் இல்லை, ஒழுங்கை இருந்த இடத்திற் பற்றையும் மண்ணணையும். இம்மக்களுக்கு நாம் திட்டவட்டமாகக் கூறவிரும்புவது ஒன்று: வேலி அழிந்ததால் உரித்து அழியவில்லை. உறுதியினாற் பிறந்த பாதையை மண்வெட்டும் யந்திரத்தால் அழிக்க முடியாது. வீட்டிலிருந்த உறுதி எரிந்திருந்தாலும், நொத்தாரிசு அனுப்பிய இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில் இருந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். பழைய நிலஅளவைப் படங்களைத் தேடுங்கள். ஒழுங்கையைக் கண்ட முதியோர் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் சத்தியக் கடதாசி பெற்றுக்கொள்ளுங்கள். அவர்களது ஞாபகம் எமது ஊர்களின் தோம்பு.

1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் நீதிமன்றை நாட முடியாதிருந்தோருக்காக, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. அதன் நோக்கத்தை வரவேற்கிறோம். ஆனால் அது தந்த அவகாசம் இரண்டு வருடங்களே. இருபத்தாறு வருடத் தடைக்கு இரண்டு வருட அவகாசம்! அதிலும், 2009 ஆம் ஆண்டின் பின்னரும் வேலியிட்டு மறிக்கப்பட்டிருந்த நிலத்தின் சொந்தக்காரருக்கு அக்காலக் கணக்கு எவ்வாறு பொருந்தும்? தம் காணிக்குள் கால்வைக்க விடப்படாத காலத்தை அவர்களுக்கு எதிராக எண்ணுதல் நீதியாகாது. காணி விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து காலத்தைக் கணக்கிடும் திருத்தம் வேண்டும். விடுவிக்கும் அதிகாரிகள் காணியை மட்டுமன்றி ஒழுங்கையையும் அளந்து மீளக் கையளிக்க வேண்டும்.

மறிக்கப்பட்டால் என்செய்வது?

கத்தியை எடுக்காதீர், மதிலை இடிக்காதீர். சமாதானக் குலைவு நேரக்கூடிய காணிப் பிணக்குகளை, 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றின்முன் கொண்டுசெல்லலாம். வழிவாய்க்கால் உரித்துப் பிணக்கும் அதனுள் அடங்கும். விசாரணை தொடங்கி மூன்று மாதத்துள் முடிக்கப்படவேண்டும் என்பது சட்டம். அக்கட்டளை தற்காலிகமானது, முடிவான உரித்தை மாவட்ட நீதிமன்றமே தீர்க்கும். ஆயினும் விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் வழி திறக்க அது உதவும். கமக்காரருக்கு இன்னுமொரு வாயில் உண்டு. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் 90 ஆம் பிரிவின்கீழ், கமப்பாதையையோ சூடடிக்கும் களத்தையோ பயன்படுத்தும் உரிமைக்குத் தடை நேர்ந்தால், கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்துக்கு முறையிடலாம். அவர் விசாரித்துக் கட்டளை பிறப்பிக்கலாம். அப்பகுதிக் கமநல சேவை நிலையத்தில் இதுபற்றிக் கேட்டறிக.

இவற்றுக்கெல்லாம் முன்னர் மத்தியஸ்த சபை இருக்கிறது. அதற்கும் முன்னர் அயலவரின் முற்றம் இருக்கிறது. மறித்த அன்றே பேசுங்கள்; பேச்சுப் பலிக்காவிடின் எழுத்தில் ஆட்சேபியுங்கள். ஆண்டுக்கணக்கில் வாளாவிருந்தால், உரித்தைக் கைவிட்டீர் என்ற வாதத்துக்கு நீங்களே இடங்கொடுத்தவராவீர்.

மாரி வெள்ளத்தையும் மறந்துவிடலாகாது. மேட்டுக் காணியிலிருந்து இயற்கையாக வடியும் நீரைத் தாழ்ந்த காணி ஏற்றேயாக வேண்டும். மேட்டுக்காரரும் அந்நீரைச் செயற்கையாய்த் திரட்டி ஒரே மூலையிற் பாய்ச்சலாகாது. வெள்ளவாய்க்காலை மண்ணிட்டு மேவி மதில் கட்டிவிட்டு, கார்த்திகை வெள்ளம் வீட்டினுள் வந்ததும் அரசாங்கத்தை மட்டும் நோவதிற் பயனில்லை.

நொத்தாரிசுமாருக்கு எமது வேண்டுகோள்: “வழிவாய்க்கால் உட்பட” என்ற வரியோடு பேனாவை மூடாதீர்கள். எந்த வழி, எவ்வளவு அகலம், நடைக்கா வாகனத்துக்கா, கிணற்றில் எத்தனை பங்கு, எந்த முறை என்று எழுதுங்கள். பிரதேச சபைகளுக்கு: உங்கள் வட்டாரத்து ஒழுங்கைகளை எல்லாம் அளந்து பதிவேட்டில் ஏற்றுங்கள். கடல் கடந்து வாழும் உறவினருக்கு: தத்துவத்திற் கையெழுத்திடுமுன், உங்கள் காணிக்குப் பின்னால் யார் வசிக்கிறார் என்று ஒருமுறை விசாரியுங்கள்.

ஓர் இனத்தின் நிலவுரிமை பாராளுமன்றத்திற் பேசப்படுவது. ஆனால் அது ஒவ்வொரு படலையிலும் காக்கப்படுவது. தன் மண்ணை அடையும் வழியைப் பிறர் மறித்தபோது எமது நெஞ்சு எவ்வாறு கொதித்தது என்பதை அறிந்த மக்கள் நாம். அதே மறிப்பை எமது அயலவருக்கு நாம் செய்வோமாயின், எமது கோரிக்கையின் வலிமையை நாமே குறைத்தவர்களாவோம். ஆகவே உங்கள் உறுதியை இன்றே எடுத்து அதன் கடைசி வரியை வாசியுங்கள். அங்கே பாதை தெளிவாக இல்லையெனில், நல்லுறவு நிலவும் காலத்திலேயே அயலவரோடு அமர்ந்து அதனை எழுதி முடியுங்கள்.